பெறுபவரின் வாக்குமூலம்

பார்சலைக் கட்டி முடித்த பிறகுதான் லாயிட் பெண்டருக்குச் சந்தேகம் வந்தது. கட்டியதையெல்லாம் பிரித்து, உள்ளே இருந்த பைனாகுலரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மறுபடியும் என்ன சார்?" என்றாள் டெல்மா. பதினெட்டு வருடமாக அவருடைய செக்ரட்டரி.

"இது இருட்டுல பாக்குற பைனாகுலர். நாட்டை விட்டுப் போகணும்னா லைசென்ஸ் வேணும்."

"போறது நியூசிலாந்துல, வெல்லிங்டன்ல இருக்கிற உங்க பொண்ணுக்கு சார். ஆந்தை பாக்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

வாஷிங்டனில் வக்கீலான அவருக்கு முப்பது வருடமாக இதே தொழில். எந்தக் கருவி எந்த நாட்டுக்குப் போகலாம், போனால் ஆபத்தா என்று முதலில் அரசாங்கத்துக்குச் சொன்னார். இப்போது கம்பெனிகளுக்குச் சொல்கிறார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் கில்லாடி. ஆனால் மகள் ஜோனி கல்யாணமாகிப் போய் ஆறு வருடம் ஆகிறது, ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டிக்கெட் எடுப்பார். ஏதாவது ஒரு நாட்டின்மேல் புதுத் தடை வரும். டிக்கெட்டை ரத்து செய்வார்.

போன மாதம் அவளே கூப்பிட்டாள். "வீட்டுக்குப் பின்னால நாம ரெண்டு பேரும் ஆந்தை பாப்போமே, அந்த பைனாகுலர் எனக்கு வேணும்ப்பா."

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து பைனாகுலரை எடுத்துத் துடைத்தார். மகள் தன்னிடம் ஒன்று கேட்டு எத்தனை காலமாயிற்று! அவளைப் பார்க்க வேண்டும்போல ஏக்கமாக இருந்தது. இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒழுங்காகச் செய்ததுதான் வினை.

யார் யார் உபயோகிப்பீர்கள் என்று மகளுக்கே ஒரு படிவம் அனுப்பினார். 'நானும் என் வீட்டுக்காரரும்' என்று பதில் வந்தது. மருமகனுக்கோ கடற்படைக் கப்பலில் வேலை.

"சமையல்காரர் சார்," என்றாள் டெல்மா. "முட்டை பொரிக்கிறவர்."

"கடற்படை கடற்படைதான்."

கப்பல் கேப்டனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. வெளிநாட்டு வக்கீல் எதற்கு நம் சமையல்காரனைப் பற்றி விசாரிக்கிறார் என்று அவர்கள் மிரண்டுபோய், மருமகனை ஒரு வாரம் அடுப்படிப் பக்கமே விடவில்லை.

"பேசாம நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்களேன் சார்," என்றாள் டெல்மா.

"லைசென்ஸுக்குப் போட்ட விண்ணப்பம் நிலுவையில இருக்கு. இப்ப நான் அதைத் தொடவே கூடாது."

கடைசியாக ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. பெறுபவரின் வாக்குமூலம். மகளைப் போனில் கூப்பிட்டார்.

"எதுக்காகக் கேக்குறேன்னு எழுதி, நேரா லைசென்ஸ் ஆபீசுக்கு அனுப்பிடும்மா. என் கண்ணுல காட்டாதே. நான் சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும். உண்மையை மட்டும் எழுது."

"உண்மையையேவா?"

"உண்மையையே."

"சரிப்பா," என்றாள்.

ஆறு வாரம் கழித்து லைசென்ஸ் ஆபீசிலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசினாள்.

"உங்க விண்ணப்பத்தை நிராகரிச்சுட்டோம் சார்."

பெண்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முப்பது வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட எதுவும் திரும்பி வந்ததில்லை. "எந்த விதிப்படி?"

"விதி எதுவும் இல்ல சார். உங்க பொண்ணு எழுதினதை அப்படியே படிக்கிறேன், கேளுங்க. 'இந்த பைனாகுலர் எங்க தெருக் கடையிலயே கிடைக்குது. எங்கப்பாவை இங்க வரவைக்க வேற வழி தெரியல. அது பார்சல்ல வந்துட்டா அவர் வரவே மாட்டார். தயவுசெஞ்சு லைசென்ஸ் குடுத்துடாதீங்க.'"