கழிவுப் பஞ்சும் காதர் பாட்டும்

இராஜபாளையம்
19.3.1993

சென்னையில் கேசட் கம்பெனியில் இருக்கும் அன்பு மைத்துனர் சேக் முகைதீனுக்கு, மச்சான் ஜெய்னுலாப்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உம் அக்காள் ஹாஜராவும் அல்லாஹ் கிருபையால் நலம். அதாவது அவள் நலம். நீர் கேசட் அனுப்பிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

'வெளிவராத பழைய பாடல்கள்' என்று அட்டையில் போட்டிருக்கிறதே, வெளிவராததை வெளியே விடச் சொன்னது யார்? 1961இல் நானும் என் கூட்டாளி காதரும் உங்க கம்பெனிக்கு ரயிலேறி வந்து, ஒரே பெருநாள் பாட்டை ஆளுக்கொரு டேக்காகத் தனித்தனியே பாடிப் பதிந்தோம். இரண்டில் நல்லதை இசைத்தட்டாகப் போடுவோம் என்றார்கள், போட்டார்கள். தட்டில் இருவர் பெயரும் இருந்தாலும் குரல் என்னுடையது. காதரும் இன்றுவரை மறுத்ததில்லை. அந்தத் தட்டில் கேட்ட குரலுக்காகத்தானே ஹாஜரா என்னைக் கட்டச் சம்மதித்தாள்! மில்லில் இருபத்தெட்டு வருடம் கழிவுப் பஞ்சு பார்த்தவன் நான். கழித்ததைக் கழிவு என்று சொல்லித்தான் விற்போம். உங்க கம்பெனி அன்னைக்குக் காதர் பாடினதைக் கழித்துவிட்டு, இப்போ அதையே பளபள அட்டைக்குள்ள வச்சு விக்குதே, அடுக்குமா?

அவள் கேசட்டைச் செருகும்போதே நான் துண்டை உதறிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். திரும்பி வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "எம்புட்டு உருக்கம்! தட்டுல இந்த உருக்கம் இல்லியே" என்கிறாள், என் முகத்தைப் பார்த்தே! "ஏட்டி, காதருக்கா அழுவுற?" என்றால் சிரிக்கிறாள். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காதரே வந்தான். பால்கோவா தட்டு அவன் பக்கமே போய் நின்றது. எனக்கு வயிறு எரிகிறது மாப்பிள்ளை, மறைக்கவில்லை.

நூர்னிசாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாமும் துஆவும். உம் கம்பெனிக்குச் சலாம் கிடையாது.

இப்படிக்கு,
ஜெய்னுலாப்தீன்

பி.கு.: ஹாஜரா கடைக்குப் போன நேரம் பார்த்து, அந்தப் பாட்டின்மேல் ரேடியோவில் வரும் விவசாயச் செய்தியைப் பதிந்து அழித்துவிடலாம் என்று கேசட்டை முதலுக்குச் சுற்றி ஓடவிட்டேன். பாட்டுக்கு முன்னால் ரெக்கார்டிங்காரர் குரல்: "டேக் ஒண்ணு. ஜெய்னுலாப்தீன்." கழித்தது என்னைத்தான். அவள் அழுததும் எனக்குத்தான்! உம் கம்பெனியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடும். ஆனால் அப்படியானால் தட்டில் பாடியது காதர். அன்று உம் அக்காள் சம்மதம் சொன்னது யாருக்கு? எனக்குக் கேட்கத் தைரியமில்லை. நீர் கேட்டு எழுதும்.