குரலை உயர்த்தாதீர்கள், மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. நான் நலம், என் காதுகள் என்னைவிட நலம். உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை. போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் என் மகளும் இங்கே வந்திருந்தபோது அது பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. இந்தக் கடிதம் என் வீட்டைப் பற்றியது. ஆனால் உங்கள் தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. போனிலேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். போனில் உங்கள் குரல் கொசு மாதிரி வருகிறது. கொசுவோடு உரையாடும் பழக்கம் எனக்கில்லை.

"அத்தைக்குக் காது போச்சு, இனிமே கத்தித்தான் பேசணும்" என்று என் மகளிடம் சொன்னீர்கள். அதை நீங்கள் மெதுவாகச் சொன்னதால் எனக்கு நன்றாகவே கேட்டது. அதற்கப்புறம் என்னிடம் திரும்பிக் குரலை உயர்த்தினீர்கள் பாருங்கள், அதுதான் ஒன்றுமே கேட்கவில்லை. குரலை உயர்த்துவது என்று நம் மொழியில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறோம். எங்கள் கான்வென்டில் அறிவியல் எடுத்த சிஸ்டர் ஒரு மர ஸ்கேலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி, இந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்து, அந்தப் பக்கத்தைத் தட்டுவார். லேசாகத் தட்டினால் சின்னதாக ஆடும், சத்தம் கம்மி. ஓங்கித் தட்டினால் பெரிதாக ஆடும், சத்தம் அதிகம். ஆனால் இரண்டும் ஒரே சுருதிதான். அது உரப்பு, அலையின் வீச்சைப் பொறுத்தது. ஸ்கேலை உள்ளே இழுத்துக் குட்டையாக்கித் தட்டினால் வேகமாக அதிரும், கீச்சென்று வரும். அது சுருதி, அதிர்வெண்ணைப் பொறுத்தது. பத்து வயதுப் பெண்களுக்கு ஒரு பீரியடில் புரிந்துவிட்டது. நீங்கள் பாலம் கட்டுகிற இன்ஜினியர். உங்கள் பாலங்களின் மேல் போகிறவர்களுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன்.

நீங்கள் கத்தும்போது ஸ்கேலை ஓங்கித் தட்டுவதில்லை மாப்பிள்ளை, உள்ளே இழுத்துவிடுகிறீர்கள். ஏற்கெனவே உங்களுக்குச் சன்னக் குரல், கத்தினால் அது கூரைக்குப் போய்விடுகிறது. வயதானால் காது முதலில் கைவிடுவது அந்தக் கூரைப் பக்கத்து ஒலிகளைத்தான். மாடி வீட்டு வாஷிங் மெஷின் உருள்வது எனக்குக் கேட்கிறது, தெருமுனையில் லாரி திரும்புவது கேட்கிறது, சாப்பிட்டுவிட்டு என் சோபாவில் நீங்கள் விட்ட குறட்டையும் கேட்டது. உங்கள் உடம்பிலிருந்து வருகிற ஒலிகளில் எனக்குத் தெளிவாகப் புரிவது அது ஒன்றுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டே, "அத்தை, பூட்டை மாத்தலாமா?" என்று கேட்டீர்கள். எனக்கு அப்படித்தான் கேட்டது. 'ஈ' என்றாலும் 'ஊ' என்றாலும் அடியில் ஓடுகிற கட்டை ஒலி ஏறக்குறைய ஒன்றுதான், மேலே சேருகிற கீச்சொலிதான் அதை 'ஈ' ஆக்குகிறது. அந்தக் கீச்சு என் காதில் ஏறாது. நீங்கள் 'வீட்டை' என்றால் எனக்கு வந்துசேர்வது 'பூட்டை'. வாசற்பூட்டு சாவியை விழுங்கிக்கொண்டு அழிச்சாட்டியம் செய்வதால் நானும், "தாராளமா மாத்துங்க மாப்பிள்ளை, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். உங்கள் கண் கலங்கிவிட்டது. பூட்டுக்காகக் கண் கலங்கும் ஆண்பிள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நேற்று இரண்டு ஆட்கள் வந்தார்கள். வாசல் கதவு பக்கமே போகாமல் நேரே என் முன்னறைக்குள் நுழைந்து, என் கட்டிலுக்கு மேலே டேப்பை இழுத்துச் சுவரை அளக்கிறார்கள்.

"எந்தப் பூட்டுக்குப்பா இவ்ளோ பெரிய டேப்பு?"

"பூட்டா? வீடு மாத்தறதுக்கு அளவெடுக்க வந்திருக்கோம்மா. உங்க மாப்பிள்ளைதான் அனுப்பினாரு. அம்மாவுக்குப் பூரண சம்மதம்னு சொன்னாரே!"

அந்த ஆளுக்கு நல்ல கனத்த குரல். ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று வந்து விழுந்தது, இடி மாதிரி. டேப்பைச் சுருட்ட வைத்து இருவரையும் வெளியே அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபிளாட்டில் ஃபிரிட்ஜுக்கும் ஷூ அலமாரிக்கும் நடுவில் என்னைச் சாத்தி வைப்பதாக நீங்கள் போட்டிருக்கும் திட்டம் நடக்காது. உங்கள் மாமனார் போனபிறகு இந்த வீட்டில் பல்பு மாற்றுவதிலிருந்து வரி கட்டுவது வரை நான்தான். இங்கே என் கட்டில் நகராது, நானும் நகரமாட்டேன். காது கேட்காத கிழவி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போங்கள், கீச்சுக் குரலில் சொல்லுங்கள், யாருக்கும் கேட்காது.

என் மகளுக்கு என் ஆசி. இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டும், உங்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் கட்டைக் குரலும் வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

என் சொந்த வீட்டிலிருந்து,
உங்கள் மாமியார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். அவளுக்கு அவள் அப்பாவின் தடித்த குரல், நன்றாகவே கேட்டது. மாறப்போவது நான் இல்லையாம், நீங்களாம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டதால் இங்கே வந்து என்னோடு இருக்கலாமா என்றுதான் கேட்டீர்களாம். "எப்படிக் கேக்குறதுன்னு ஒரு மாசமா தவிச்சாரும்மா. நீ உடனே சரின்னதும் வண்டி ஓட்டிக்கிட்டே அழுதாரு" என்றாள். கூச்சத்தோடு கேட்கிறவரின் குரல் இன்னும் சன்னமாகிவிடும் என்பதை சிஸ்டர் அந்த ஸ்கேலில் காட்டித் தரவில்லை. தாராளமாக வாருங்கள். நாலு பக்கமும் ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதிவிட்டதால் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் இதை அனுப்புகிறேன். உங்களுக்கு வேண்டியது முன்னறை என்றாளா, பின்னறை என்றாளா என்பது மட்டும், என்ன செய்வது, என் காதில் சரியாக விழவில்லை. பின்னறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.