கன்னிக்கோல் காத்த கழகம்

ஒரு பொருளை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுத்தாமல் இருப்பதே நாகரிகத்தின் உச்சம். குடத்தில் தண்ணீர் மொண்டவன் வெறும் மனிதன். அதே குடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தாகத்தோடு சுற்றி நின்று பார்த்தவன் பண்பாளன். இந்தப் பேருண்மையைப் பில்லியர்ட்ஸ் ஆடும் கோல்களுக்குப் பொருத்திக் காட்டிய பெருமை, அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துப் பேரேரி வட்டார மரபுக்கோல் காப்புக் கழகத்தையே சேரும். அந்தக் கழகத்தில் பதினொரு ஆண்டுகளாகக் கோலோச்சி வந்தவர் டாக்டர் நார்பெர்ட் கிளாஸ்னர்.

கிளாஸ்னர் பல் மருத்துவர். முப்பத்துநான்கு ஆண்டுகள் பிள்ளைகளின் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டி நேராக்கியவர். கோணலே இல்லாத ஒன்றின் மீது அவருக்குக் காதல் வந்ததில் வியப்பில்லை. இளமையில் அவர் வியாழன்தோறும் மூலை மதுக்கடையில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு பில்லியர்ட்ஸ் ஆடுவார். சுமாராகத்தான் ஆடுவார். ஆனால் வீட்டுக்கு வரும்போது சீட்டியடித்துக்கொண்டு வருவார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பழம்பொருள் ஏலத்தில் எமில் ட்ரெக்ஸ்லர் என்பவர் செய்த கோல் ஒன்றை வாங்கினார். அன்றோடு ஆட்டம் நின்றது. சீட்டியும் நின்றது.

"ஏன் ஆடப் போகல?" என்று கேட்டாள் மனைவி லொரெய்ன்.

"ஆடினா நுனியில தேய்க்கிற நீலச் சாக்பீஸ் பொடி கோல்ல படியும்."

"அப்ப பழைய கோலால ஆடறது."

"இப்படி ஒண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு அந்தப் பழசைக் கையால தொடறதா?"

 

இப்போது கிளாஸ்னரிடம் பன்னிரண்டு ட்ரெக்ஸ்லர்கள் இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுக்கும் எழுபத்தொன்றுக்கும் இடையில் ட்ரெக்ஸ்லர் செய்ததே நாற்பது சொச்சம் கோல்கள்தான். பிறகு ஆளைக் காணவில்லை. காணாமல் போன கலைஞர் காலமாகிவிட்டார் என்று கழகம் ஆராய்ந்து முடிவு செய்தது. ஆராய்ச்சி என்பது தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டாமல் இருப்பது. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் சனிக்கிழமை அவருக்கு நினைவஞ்சலி நடக்கும்.

ட்ரெக்ஸ்லர் கோலின் கைப்பிடியில் மேப்பிள் மரத்துக்குள் கருங்காலி முனைகள் நான்கு, ஈட்டிபோல் ஏறி நிற்கும். அவற்றில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட ஒரு நெல்லளவு குட்டை. இந்தக் "குறுமுனை" பற்றிக் கிளாஸ்னர் அறுபத்துநான்கு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருந்தார். மனித வாழ்வின் நிறைவின்மையை மரத்தில் உணர்த்திய மகான் ட்ரெக்ஸ்லர் என்பது நூலின் முடிவு. கழகத்தார் அனைவரும் அதை வாங்கினார்கள். ஒருவரும் பிரிக்கவில்லை. பிரித்தால் நூலின் கன்னித்தன்மை கெட்டுவிடும்.

ஆம், கழகத்தின் உயர்ந்த விருதே "கன்னிக்கோல்" என்பதுதான். ஒரு பந்தைக்கூடத் தொடாத கோலுக்கு மட்டும் அது கிடைக்கும். கழகக் கூடத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசையும் இருந்தது. அதன்மேல் பலகை போட்டு, விரிப்பு விரித்து, பாலாடைக் கட்டியும் சாண்ட்விச்சும் பரப்புவார்கள். பந்துகளைச் செயலாளர் கர்ட்டிஸ் பாமன் பூட்டி வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற காப்பீட்டு வழக்கறிஞர். விபத்து எங்கிருந்து வரும் என்று அறிந்தவர்.

விபத்து, ஊரார் தங்கள் பழைய கோல்களைக் கொண்டுவந்து காட்டும் ஜனவரி மாதத்து இலவச மதிப்பீட்டு நாளில் வந்தது. டார்லா விட்மன் என்ற பெண் மீன்தூண்டில் உறையிலிருந்து ஒரு கோலை உருவி மேசையில் வைத்தாள். நகராட்சியில் பனி வழிக்கும் லாரி ஓட்டுபவள். கோலின் கைப்பிடியில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. ஓரிடத்தில் பீர்க்கறை. கிளாஸ்னர் வெள்ளைக் கையுறையோடு நாடாவை விலக்கினார். நான்கு முனைகள். ஒன்று குட்டை.

"இதை நீங்க எங்க பிடிச்சீங்க?"

"எங்க அத்தை ஆடுன கோல். அவளுக்கு மூட்டுவலி வந்ததும் எனக்குக் குடுத்துட்டா."

"நீங்க... இதால ஆடறீங்களா?"

"பின்ன பல்லா குத்துவாங்க, டாக்டர்?"

கிளாஸ்னர் கோலின் நுனியைப் பார்த்தார். அங்கே ஒட்டிய தோல்வில்லை புத்தம் புதிதாக இருந்தது. "இதுல எந்தப் படுபாவி கை வச்சான்?"

"எமில்தான். போன மாசம் மாத்திக் குடுத்தாரு."

"எந்த எமில்?"

"இதைச் செஞ்சவரு. எமில் ட்ரெக்ஸ்லர். பக்கத்துல வெஸ்ட் ஆலிஸ்ல, அவரு கார் ஷெட்டுல. வேலை சுத்தமா இருக்கும். வாய்தான் ஓயாது."

கிளாஸ்னர் உட்கார்ந்துவிட்டார். மகான் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி கேட்டதும் பக்தனுக்கு என்ன வரவேண்டுமோ அது வரவில்லை. கர்ட்டிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

மறுநாளே அவசரக் கூட்டம். கர்ட்டிஸ் பாமன் நிலைமையின் தீவிரத்தை விளக்கினார்.

"உயிரோட இருக்கறவரு இன்னும் பத்து கோல் செஞ்சு தள்ளிட்டா நம்ம கோலுக்கு என்ன மரியாதை?"

"அவருக்கு எண்பத்தாறு வயசாம்ப்பா," என்றார் கிளாஸ்னர்.

"எண்பத்தாறுல மாரத்தான் ஓடறாங்க, டாக்டர். நாம எதையும் நம்பி உட்கார முடியாது."

"நினைவஞ்சலி என்ன ஆகறது?"

"அழைப்பிதழ் அச்சாயிடுச்சு. நூத்திருபது பிரதி. ஒருத்தரு உயிரோட இருக்காருங்கறதுக்காகத் திரும்ப அச்சடிக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. திரு. ட்ரெக்ஸ்லரைப் பார்வையாளராக அழைப்பது என்றும், நிகழ்ச்சி நிரலில் மாற்றம் செய்வதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை பிற்பகல் டார்லா கிழவரை அழைத்து வந்தாள். காதுவரை இழுத்த கம்பளிக் குல்லாவும் கட்டம் போட்ட சட்டையுமாக எமில் ட்ரெக்ஸ்லர் முன்வரிசையில் அமர்ந்து, சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு, மேடையில் மாலையிட்டிருந்த இளைஞனின் படத்தைக் கண் இடுக்கிப் பார்த்தார். மணி அடித்தது. எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். அவரும் மரியாதையாகக் குல்லாவைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் நின்ற கிளாஸ்னரின் காதில் கேட்டார்.

"யாரு தம்பி போயிட்டாங்க?"

"நீங்கதான், ஐயா."

"அடடா. எப்ப?"

"எழுபத்தொண்ணுல."

"அதான். அந்த வருஷம் உடம்பு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு மீதி மௌனத்தை ஒழுங்காகக் காத்தார்.

பிறகு கிளாஸ்னரின் கோல்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினார்கள். கிளாஸ்னர் பத்தொன்பது ஆண்டுகளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டார். "ஐயா, இந்த நாலாவது முனை. மனுஷ வாழ்க்கை நிறைவில்லாததுன்னு காட்டத்தானே அதைக் குட்டையா வச்சீங்க?"

கிழவர் கோலை வெளிச்சத்தில் திருப்பினார். "ரம்பத்துல ஒரு திருகு லொடலொடன்னு ஆடும், அதான் ஒரு வெட்டு குட்டையா விழும். மாத்தணும் மாத்தணும்னு பதிமூணு வருஷம் நெனச்சேன். பௌலிங் கூடத்துல மெஷின் ரிப்பேர் வேலை எனக்கு. அங்க கூப்புட்டுக்கிட்டே இருப்பாங்க. எங்க மாத்தறது?"

கூடத்தில் யாரோ இருமினார்கள். அறுபத்துநான்கு பக்கமும் ஒரு திருகில் கழன்று விழுந்ததைக் கிளாஸ்னர் உணர்ந்தார்.

மீதமிருந்தது பன்னிரண்டாவது பெட்டி. நான்கு முனைகளும் சரிசமமாக நிற்கும் ஒரே ட்ரெக்ஸ்லர். மகான் தன் நிறைவின்மையை வென்ற கணம் என்று நூலில் தனி அத்தியாயமே உண்டு. மூன்று முறை கன்னிக்கோல் விருது பெற்றது. அதைப் பார்த்ததும் கிழவர் முகம் மாறியது.

"இது என்னோடதில்ல."

"அடியில உங்க பேரு செதுக்கியிருக்கே, ஐயா."

"பேரு நான் செதுக்கினதுதான். கோலு லூதர் பேகல் செஞ்சது. எங்க தெருவுல முடி வெட்டறவன். அவன் ஒரு ஆளுக்குச் சவரம் பண்ணிக்கிட்டிருக்கும்போது, இவ்வளவு நல்ல கோல்ல என் பேரு இருந்தா என்னன்னு தோணுச்சு. செதுக்கிட்டேன். அப்புறம் நாலு வருஷம் பேசல அவன். நானும் வேற கடையில முடி வெட்டிக்கிட்டேன்." பெட்டியின் பக்கம் குனிந்தார். "ஒருதரம்கூட என்னை இதால ஆட விட்டதில்ல. இப்ப அவனும் இல்ல. ஒரே ஒரு அடி அடிச்சுப் பாக்கட்டுமா?"

கர்ட்டிஸ் பாமன் குறுக்கே வந்து நின்றார். "முதல்ல ஒரு விஷயம். நீங்கதான் ட்ரெக்ஸ்லர்ங்கறதுக்குக் கழகம் குடுத்த சான்றிதழ் இருக்கா?"

"ஓட்டுநர் உரிமம் இருக்கு."

"அது நீங்க கார் ஓட்டுவீங்கன்னு சொல்லும். கோல் செஞ்சீங்கன்னு சொல்லாது."

அங்கேயே தீர்மானம் முன்மொழியப்பட்டது. பன்னிரண்டாம் கோலை ட்ரெக்ஸ்லர்தான் செய்தார். செய்யவில்லை என்று ட்ரெக்ஸ்லரே சொன்னாலும் அது கழகத்தைக் கட்டுப்படுத்தாது. மளமளவென்று கைகள் உயர்ந்தன. வெள்ளைக் கையுறைகள், கொக்குக் கூட்டம்போல. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

கிளாஸ்னரின் கை பாதி உயர்ந்திருந்தது. முழுக்க உயர்ந்தால் கோல் ரத்தினம். நூல் பிழைக்கும், பேர் பிழைக்கும், கோல் பெட்டிக்குள் போய்விடும். உயராவிட்டால் அது முடி வெட்டுகிறவர் ஒருவர் ஓய்வு நேரத்தில் செதுக்கிய ஒரு குச்சி. குச்சி என்றால் ஆடலாம். இந்தக் கடைசி எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கிழவர் கோலிலிருந்து கண்ணை எடுக்காமல், வாயில் எச்சில் ஊற நிற்கும் குழந்தைபோல் நின்றுகொண்டிருந்தார். தான் அப்படி எதையாவது பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கிளாஸ்னர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கை இறங்கியது. கையுறையை உருவிச் சட்டைப்பைக்குள் திணித்தார். கோலை எடுத்துக் கிழவரிடம் நீட்டினார்.

"அடிங்க, ஐயா."

டார்லா அதற்குள் சாண்ட்விச் தட்டுகளை நாற்காலிகளுக்கு மாற்றிவிட்டுப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். கர்ட்டிஸ் சாவி தர மறுத்தார். அவள் லாரிக்குப் போய்த் தன் சொந்தப் பந்துகளைக் கொண்டு வந்தாள். கிழவர் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்தபோது உறுப்பினர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் அடி. பந்துகள் சடசடவென்று சிதறி நாலு பக்கமும் ஓடின. இரண்டு குழியில் விழுந்தன. கிழவர் கோலைத் தடவிக்கொடுத்தார்.

"சண்டாளன். நான் நெனச்சதைவிட நல்லா செஞ்சிருக்கான்." கோலைக் கிளாஸ்னரிடம் தந்தார். "இந்தாங்க தம்பி, உங்க முறை."

கிளாஸ்னர் வாங்கினார். குனிந்தார், குறி பார்த்தார், அடித்தார். குழியில் விழவே கூடாத வெள்ளைப் பந்து வேறெதையும் தொடாமல் நேராகப் போய்க் குழியில் இறங்கியது.

"பத்தொன்பது வருஷம் நீங்க பத்திரமா வச்சிருந்தது உங்க ஆட்டத்தைத்தான் போலிருக்கு, டாக்டர்," என்றாள் டார்லா. "அப்படியே பெட்டியைப் பிரிக்காம இருக்கு."

கிளாஸ்னருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மூவரும் ஐந்து மணி வரை ஆடினார்கள். கழகத்தார் ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள். போகும்போது சாண்ட்விச்சை மறக்கவில்லை. நாலாவது ஆட்டத்தில் கிளாஸ்னர் ஒரு பந்தை ஓரத்துக் குழியில் போட்டார். விரல் நுனியெல்லாம் நீலம். அதை அவர் துடைக்காமலே வீட்டுக்குக் காரை ஓட்டிப் போனார்.

கழகம் சும்மா இருக்கவில்லை. கடமை தவறாத அமைப்பு அது. அடுத்த வாரம் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. முதலாவது, டாக்டர் கிளாஸ்னரை நீக்குவது. குற்றம்: "பந்தை அடித்தார். அது குழியிலும் விழுந்தது." இரண்டாவது, கலைஞர் எமில் ட்ரெக்ஸ்லர் எழுபத்தொன்றிலேயே காலமானார் என்று உறுதி செய்வது, அதன் நகலைச் சம்பந்தப்பட்டவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது.

தபால் வந்தபோது சம்பந்தப்பட்டவர் கார் ஷெட்டில் இருந்தார். கிளாஸ்னரும் டார்லாவும்கூட இருந்தார்கள். கார் வெளியே பனியில் நின்றது, உள்ளே பில்லியர்ட்ஸ் மேசை இருந்ததால். தபால்காரப் பெண் நீட்டிய ஒப்புகை அட்டையில் கிழவர் கையெழுத்துப் போட்டார். கிளாஸ்னர் கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். "ஒப்பற்ற கலைஞர்", "ஈடுசெய்ய முடியாத இழப்பு".

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க," என்றார் கிழவர், சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே. "உயிரோட இருந்தப்ப என்னைப் பத்தி யாரும் இப்படிச் சொன்னதில்ல. யாரு முறை?"

கையெழுத்திட்ட அட்டை முறைப்படி கழகத்துக்குத் திரும்பி வந்தது. கர்ட்டிஸ் பாமன் அதை ட்ரெக்ஸ்லர் கோப்பில் பத்திரமாகச் சேர்த்து, கீழே தம் கைப்படக் குறிப்பு எழுதினார்: "அன்னார் காலமானது குறித்து இனி எவரும் ஐயம் எழுப்ப இடமில்லை. அன்னாரே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறார்."