சம்பந்தியும் நானும் தேடிப் போன போர்க்களம்

சந்தேகப் பிராணிகளை எனக்குப் பிடிக்காது. நானும் அந்த இனம்தான் என்பதால் ஒரு குடும்பத்துக்கு ஒருவர் போதும் என்பது என் கட்சி. அப்போதுதான் என் மகள் ஒரு பையனைக் காட்டினாள். பையன் தங்கம். அவன் அப்பா ஈப்போவில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனிதர். ஓய்வு வேலைக்குத்தான், சந்தேகத்துக்கு இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று, பேராக் மாநிலத்தில் உலகப் போரின்போது ஜப்பான்காரனோடு சண்டை நடந்த இடங்களையெல்லாம் தேடிப் போய்ப் பார்ப்பது தன் பொழுதுபோக்கு என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். சுங்காய்ப் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்திலும் சண்டை நடந்தது, சிப்பாய்கள் பதுங்கிச் சுட்ட கான்கிரீட் அறை இன்னும் இருக்கிறது, அதற்குள் விளையாடித்தான் வளர்ந்தேன் என்று அளந்துவிட்டேன். (விளையாடியது சத்தியம். சண்டை, அப்பா கள்ளுக்கடையிலிருந்து வந்து சொன்னது.)

"நான் வாசிச்ச புத்தகம் ஒண்டிலயும் அப்பிடி இல்லையே," என்றார். பிறகு மகளின் படிப்பு, என் உத்தியோகம் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார். அந்த அறையைக் காட்டாவிட்டால் கல்யாணம் அம்போ என்று மகள் கண்ணாலேயே சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். போய்ப் பார்த்தால் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. எந்தப் பாதையும் எனக்குப் பிடிபடவில்லை. சம்பந்தி வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து மறித்தார். பெயர் மணியம், தோட்டத்திலேயே குடியிருப்பவர். சம்பந்தி கையிலிருந்த டார்ச்சையும் அளவு நாடாவையும் பார்த்து முகம் சுருங்கினார். ஜப்பான்காரன் புதைத்த தங்கம் என்று சொல்லி ஏற்கெனவே சிலர் வந்து கண்ட இடத்தில் தோண்டிவிட்டுப் போனார்களாம். "நீங்களும் அந்தக் கோஷ்டியா, அண்ணே?"

பதறிப்போய், குலதெய்வத்தைக் கும்பிட வந்தோம் என்று சொல்லிவிட்டேன்.

மணியம் முகம் மலர்ந்துவிட்டது. முன்னால் போய் வழிகாட்டினார். செம்பனைக்கு நடுவே, மஞ்சள் சாயம் அடித்து, சூலம் நட்டு, நிற்கிறது என்னுடைய கான்கிரீட் அறை! உள்ளே சுருட்டும் மீசையுமாக முனீஸ்வரர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. (பக்தி என்று மணியம் நினைத்துக்கொண்டார்.)

சம்பந்தி செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், நாடாவை விரித்தார். துப்பாக்கி நீட்டும் துவாரத்தை அளந்தார், சுவரின் கனத்தை அளந்தார், முனீஸ்வரருக்குப் பின்னாலும் நாடாவை விட்டார். மணியத்துக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது.

"சாமிய எதுக்கு அளக்குறாரு?"

"வெள்ளிக் கவசம் செய்யப் போறோம்லா," என்றேன். என் வாய்தான் சொன்னது. நான் இல்லை.

அவ்வளவுதான். மணியம் போன் போட, லயத்து வீடுகளிலிருந்து சனம் திரண்டுவிட்டது. உறுமி மேளம் வந்தது. சம்பந்திக்கு மாலை விழுந்தது. கவசத்தை எந்தப் பூசைக்குச் சாத்துவீர்கள் என்று பூசாரி கேட்க, வரும் ஆடித் திருவிழாவுக்கு என்று என் வாயே மறுபடியும் வாக்குக் கொடுத்தது.

காரில் தாப்பா தாண்டும்வரை சம்பந்தி அளவுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். நான் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சண்டை நடந்ததுக்கு அங்க ஒரு ஆதாரமும் இல்லை," என்றார் கடைசியில். "கவசத்துக்கு முழுத் தோட்டமும் சாட்சி. முதல்ல அதைச் செய்யுங்கோ. பிறகு கல்யாணத் தேதி பாப்பம்."

செய்தேன். கல்யாணமும் நடந்தது. இன்றும் நான் எதையாவது சொல்ல வாயெடுத்தால், மருமகன் பவ்யமாகக் கேட்பான்: "மாமா, இது நிஜமா, இல்ல கவசமா?"