பத்துமலை வீட்டில் ஊறிய தீர்த்தம்

எது நடந்தாலும் தைப்பிங்குக்குப் போவதில்லை என்று பத்துமலை உறுதி எடுத்தபோது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். வேண்டுதல் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகக் காலுறை மாட்டிக்கொண்டு ஹாலைக் கடந்தவருக்குச் சாமி மேடைப் பக்கம் வந்ததும் இடது கால் சொதசொதவென்று நனைந்துவிட்டது. குனிந்து பார்த்தார். டைல்ஸ் இடுக்கில் தண்ணீர். துடைத்தார். மறுபடியும் ஊறியது.

ஈப்போவை ஒட்டிய மெங்லெம்புத் தொழிற்சாலையில் இருபது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு இதுகூடவா புரியாது? வீட்டுக்கு அடியில், சிமெண்டுத் தளத்துக்குக் கீழே ஓடுகிற பைப் ஒழுகுகிறது. பைப்பைப் பார்க்கத் தரையை உடைக்க வேண்டும். தரையை உடைத்தால் வீட்டில் குடியிருக்க முடியாது. அப்புறம் போவதற்கு ஒரே இடம்தான். தைப்பிங்கில் இருக்கும் மச்சான் சுரேன் வீடு.

தைப்பிங் மேல் பத்துமலைக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மழை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வருத்தமெல்லாம் சுரேன் மேல்தான். மனைவி கலாதேவியின் அண்ணனான அவர் ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா, கோயில் செயலாளர், ஆரோக்கியத்தின் முழுநேரக் காவலர். விடிவதற்குள் எழுப்பி ஏரிப் பூங்காவைச் சுற்ற வைப்பார். சுற்றும்போது உங்கள் ரத்த அழுத்தத்தைப் பற்றியே பேசுவார், அது ஏறும்வரை. திரும்பி வந்தால் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி. கோழி என்று வாய்தவறிச் சொன்னால் அந்த வீட்டுச் சுவர்கள்கூட முகம் சுளிக்கும். டிவியில் பந்தாட்டம் கிடையாது. பீர் என்று வாசலில் நின்று நினைத்தாலே சுரேனுக்கு மோப்பம் தட்டிவிடும். போன தீபாவளிக்கு அங்கே தங்கிவிட்டுத் திரும்பியபோது, ஈப்போ டோல் சாவடியைக் கண்டதும் பத்துமலை நிஜமாகவே கண்கலங்கினார்.

"ஏங்க, ஹால் ஈரமா இருக்கு, பாத்தீங்களா?" என்று அடுப்படியிலிருந்து கலாதேவி குரல் கொடுத்தாள். "ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்..."

பத்துமலையின் மூளை அதுவரை போகாத வேகத்தில் போனது. கையெட்டும் தூரத்தில் மஞ்சள் கிண்ணம். ஒரு சிட்டிகை எடுத்து ஈரத்தில் தூவினார்.

"கலா, ஒன்னும் சொல்லாத. செருப்பக் கழட்டிட்டு வா."

"வீட்டுக்குள்ள நான் எப்பலா செருப்புப் போட்டேன்?"

"இந்தத் தாமான் வீடுங்களக் கட்டுறதுக்கு முன்னாடி இங்க என்னா இருந்துச்சு?"

"ரப்பர் தோட்டம்."

"தோட்டத்துல என்னா இருந்துச்சு?"

"ரப்பர் மரம்."

"அதச் சொல்லலைலா! மாரியம்மன் கோயில்! தாமான் கட்டுறப்ப அத ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. பழைய கோயில் எந்த எடத்துல இருந்துச்சு, தெரியுமா?"

"எங்க?"

பத்துமலை பக்தியோடு விரலை நீட்டிக் காட்டினார். சாமி மேடைக்கு நேர் கீழே மஞ்சள் தண்ணீர் மினுமினுத்தது.

கலாதேவி தண்ணீரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் விரல் நுனியையும் பார்த்தாள். அது மஞ்சளாக இருந்தது.

"அப்ப பைப் இல்லீங்களா?"

"பைப்பா! அபச்சாரம். பைப்புத் தண்ணி மஞ்சளாவா வரும்? அம்மா எந்திரிச்சு வந்துட்டா. இந்தத் தரைய ஒடைக்கிறேன் கிடைக்கிறேன்னு எவனையாவது கூட்டியாந்துறாத, குடும்பத்துக்கு ஆகாது."

"நல்லவேள, சொன்னீங்க," என்று கலாதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மாவே வந்து ஒக்காந்துட்டா, ஒடைக்க நாம யாரு?"

பத்துமலை காய்ந்த காலுறை ஒன்றை மாட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி வேலைக்குப் போனார். இவ்வளவு சுலபமாக ஒரு மனைவியை ஜெயித்துவிட முடியுமென்றால் இத்தனை வருஷம் ஏன் தோற்றோம் என்பதுதான் அன்று முழுக்க அவருடைய யோசனை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது தன் வீட்டுக்குள் நுழைய அவருக்கு வழியில்லை. வாசல் முழுக்கச் செருப்பு. ஹால் முழுக்கச் சனம். அடுத்த வீட்டு ஞானம்மா அக்கா மினரல் வாட்டர் போத்தலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, தீர்த்தத்துல ஒரு வாசன வருதுப்பா."

"என்னா வாசனக்கா?"

"நீச்சல் கொளத்து வாசன."

"அது... தெய்வீக வாசனக்கா."

ஞானம்மா அக்கா போத்தலை மூக்கில் வைத்து இன்னொரு முறை முகர்ந்து, பரவசப்பட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் பத்துமலை அடுப்படிக்குப் போனார். அங்கே சட்டி இருந்தது. சட்டியில் பூசணிக்காய் இருந்தது.

"கோழிப் பெரட்டல்னு சொன்னியே கலா?"

"அம்மா ஒக்காந்துருக்கிற வீட்லயா? நல்லாருக்குங்க!"

"ஐஸ்பெட்டியில என் போத்தலு?"

"தர்மாகிட்டக் குடுத்துட்டேன். ஒங்க கூட்டாளிதானே? ரொம்ப சந்தோசப்பட்டாரு."

"சரி, டிவியாவது போடு. இன்னிக்குப் பந்து இருக்கு."

"அரக்கால் சட்டையோட ஓடுறவனுங்கள அம்மா பாக்கணுமாங்க?"

மறுநாள் விடிவதற்கு முன்பே பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டியிருந்தது, அம்மனை முதலில் கண்டவர் அவர்தான் என்பதால். கட்டிலில் படுக்கக் கூடாதாம், பாய்தானாம். ஒரு வாரத்தில் பத்துமலையின் இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட வேண்டி வந்தது.

இதற்கு நடுவில் அவரையே கலக்கிய விஷயம் ஒன்று உண்டு. பகலெல்லாம் காய்ந்து கிடக்கிற தரை, மாலைப் பூசைக்கு விளக்கேற்றும் நேரத்தில் சரியாக ஊறியது. கூட்டம் போனதும் நின்றது. உடைந்த பைப்புக்கு எப்படிப் பூசை நேரம் தெரியும்? பொய் சொன்ன வாயோடு நிற்கும்போது சாமி நிஜமாகவே வந்துவிட்டால் என்ன செய்வது? பத்துமலை யாரும் பார்க்காதபோது தோப்புக்கரணம் போட்டுக்கொண்டார்.

அப்படி ஒரு தோப்புக்கரணத்தில் இருந்து எழுந்தபோதுதான் வாசலில் கார் வந்து நின்றது. பெரிய பெட்டியோடு சுரேன் இறங்கினார்.

"மாப்பிள்ள! என்னா பாக்கியம்யா ஒனக்கு! தங்கச்சி போன்ல சொன்னதுமே கெளம்பிட்டேன். இனிமே இங்கதான்."

"எத்தன நாளுக்கு மச்சான்?" பத்துமலை பெட்டியின் அளவைப் பார்த்தபடி கேட்டார்.

"வெரதம் முடியணும்ல? கையக் குடு."

சுரேன் மஞ்சள் கயிற்றில் முடிந்த காப்பை எடுத்து, ஊறிய தீர்த்தத்தில் நனைத்து, பத்துமலையின் மணிக்கட்டில் இறுக்கக் கட்டினார். தைப்பிங்கில் தங்கள் கோயில் திருவிழாவில் மாப்பிள்ளை பால்குடம் எடுப்பார் என்று பூசைக்கு வந்த எல்லோர் முன்னாலும் அறிவித்தார். ஞானம்மா அக்கா குலவையிட்டார். மறுநாள் விடிவதற்குள் இரண்டு பேரும் தாமான் திடலைச் சுற்றினார்கள். ஏரி இல்லை என்று சுரேனுக்குக் கொஞ்சம் குறை. மற்றபடி ரத்த அழுத்தம், ஓட்ஸ் கஞ்சி எல்லாம் அப்படியே ஈப்போவுக்கு வந்துவிட்டன.

பத்துமலை எவ்வளவுதான் தாங்குவார்? கோயில் கூட்டத்துக்காகச் சுரேன் ஒரு நாள் ஊருக்குப் போன நேரம் பார்த்து, பூக்கட்டிக்கொண்டிருந்த கலாதேவியின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கலா, அது அம்மன் இல்ல. பைப்புதான். மஞ்சளப் போட்டது நானு. தைப்பிங் போகப் பயந்துதான் பொய் சொன்னேன். தரைய ஒட. வீட்டையே வேணும்னாலும் ஒட. எனக்கு ஒரு துண்டு கோழி குடு."

கலாதேவி பூக்கட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியுங்க."

"என்னா தெரியும்?"

"பைப்புதான்னு. நீங்க கால நனைக்கிறதுக்கு மொத நாளே தரை ஈரமா இருந்துச்சு. கொழாயெல்லாம் மூடிட்டுப் போயி தண்ணி மீட்டரப் பாத்தேன், சுத்திக்கிட்டே இருக்கு. பைப்புக்காரரு கனகராஜக் கூப்புட்டுக் காட்டுனேன்."

"ஆனா சாயங்காலம் மட்டும் ஊறுச்சே?"

"நாள் பூரா ஊற வுட்டா பில்லு என்னாத்துக்கு ஆவுறது? மீட்டர்கிட்ட இருக்கிற வால்வ மூடி வச்சிருவேன். தேவையான தண்ணிய விடியறப்பவே பிடிச்சு வச்சுக்குவேன். ஆளு வர்ற நேரம் தொறந்து வுடுவேன்."

போட்ட தோப்புக்கரணங்கள் அத்தனையும் பத்துமலையின் முட்டியில் ஒன்றாக வலித்தன.

"சரி, கனகராஜ் என்னா சொன்னாரு? ஹால் பூராவும் ஒடைக்கணுமாமா?"

"எதுக்கு ஒடைக்கணும்? அடியில இருக்கிற பழைய பைப்ப அடைச்சு வுட்டுட்டு, கூரைக்கடியில சிலிங் மேல புதுப் பைப்பு இழுத்துடலாம்னாரு. காலையில ஆரம்பிச்சா சோத்து நேரத்துக்கு முடிஞ்சிருமாம். யாரும் எங்கயும் போவ வேணாமாம்."

"இத மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொல்லத்தானே கூப்புட்டேன்? நீங்க செருப்பக் கழட்டச் சொன்னீங்க."

மறுநாள் கனகராஜ் வந்தார். சிலிங்கில் ஏறினார், பைப்பை இழுத்தார், இறங்கினார், போனார். அம்மன் மலையேறிவிட்டாள் என்று கலாதேவி ஞானம்மா அக்காவுக்குச் சொல்லியனுப்பினாள். பத்துமலைக்கு உயிர் வந்தது. முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்துக் காப்புக்குக் கீழே விட்டார்.

"ஐயய்யோ! என்னாங்க செய்றீங்க? கட்டுன காப்ப வெட்டுவாங்களா? அண்ணன் கட்டுனது, பால்குடம் எறக்கி வச்சப்புறம் அவருதான் அவுக்கணும்."

"பைப்புன்னு ஆயிப்போச்சேலா!"

"அப்ப நீங்களே போன் போட்டுச் சொல்லிடுங்க. அம்மன் பேரச் சொல்லி ஊரையே ஏமாத்துனேன்னு."

பத்துமலை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"திருவிழா வரைக்கும் நீங்க அங்க தங்குறதுதான் மொறையாம். அண்ணன் அவரு ரூம்லயே ஒங்களுக்குப் பாய் போட்டுட்டாராம். லீவுக்கு ஒங்க மொதலாளிகிட்டயும் பேசிட்டாரு. துணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டேன்."

"நீயும் வரேதானே கலா?"

"நான் எப்படிங்க வர்றது? ஹால் டைல்ஸ் பூராவும் பேத்துட்டுப் புதுசு போட நாளைக்கு ஆளுங்க வர்றாங்க."

"பேக்குறதா? யாரு சொன்னா?"

"நீங்கதானேங்க தரைய ஒடன்னு சொன்னீங்க?"