பதினாறு கால்களை மறந்தவன்

மாட்டு நாக்கின் தோலுக்காக இன்னொரு மனிதன் மேல் பொறாமைப்பட்டவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்று தெரியாது. நான் ஒருவன் இருக்கிறேன். (வேறு யாராவது இருந்தால் வாருங்கள், சேர்ந்து ஒரு டீ குடிக்கலாம்.)

அந்த இன்னொரு மனிதன் என் சகலை செல்வராசு. மூத்த மகளை நான் கட்டினேன், இளையவளை அவன் கட்டினான். இரண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம், கால்நடை ஆய்வாளர். நான் பெரம்பலூர், அவன் அரியலூர். இரண்டும் தனித்தனி மாவட்டமாக இருந்தவரை எனக்கு நிம்மதி. 2002-ல் அரியலூரை மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். எனக்கு வயிறு எரிய வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒரே ஆபீஸ், ஒரே மேலதிகாரி, எதிரெதிர் நாற்காலி.

ஏன் எரிந்தது என்று சொல்ல, கோமாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாயில் கொப்புளம், குளம்பிடுக்கில் கொப்புளம், எச்சில் கயிறு கயிறாக வடியும். இந்த நோயைக் கொடுக்கும் வைரஸில் ஓ, ஏ, ஆசியா-1 என்று வகைகள் உண்டு. எந்த வகை வந்தாலும் மாடு ஒரே மாதிரிதான் நிற்கும். பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வகைக்கான தடுப்பூசி இன்னொரு வகையிடம் செல்லாது. அதனால் புதுக் கொப்புளத்தின் தோலைக் கட்டைவிரல் நகமளவு எடுத்து, கிளிசரின் கரைசலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. பணியாரச் சட்டியைச் சுருக்கியது போலத் தொண்ணூற்றாறு குழிகள். வரிசைக்கு ஒரு வகையை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளை அதில் பூசியிருப்பார்கள். நாம் அனுப்பிய தோலை அரைத்து, சாற்றை எல்லா வரிசையிலும் விட்டு, கழுவி, கடைசியாக ஒரு மருந்து ஊற்றினால், எந்த வரிசையில் நிறம் ஏறுகிறதோ அதுதான் வகை.

செல்வராசு அனுப்பினால் நிறம் ஏறும். நான் அனுப்பினால் ஏறாது.

மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்றே பதில் வந்தது. முதல் முறை பஸ் நடுவழியில் நின்று ஐஸ் உருகிவிட்டது. இரண்டாவது முறை ஆறிப்போன புண்ணில் எடுத்துவிட்டேன். மூன்றாவது முறை என்ன ஆயிற்று என்று ஆய்வகத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இந்த நிலையில் ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டார். “ஆய்வகத்துல ரெண்டு வாரம் பயிற்சி. அந்தத் தட்டு வேலையெல்லாம் சொல்லித் தராங்க. மாவட்டத்துக்கு ஒரு ஆளுதான். அடுத்த மாதிரிய யாரு ஒழுங்கா அனுப்புறீங்களோ, அவரு பேர எழுதிடறேன்” என்றார். ‘ஒழுங்கா’ என்னும்போது என்னைப் பார்த்தார்.

மாவட்டம் இரண்டாகவே இருந்திருந்தால் ஆளுக்கொரு இடம். (சேர்த்து வைத்தவர்களை அன்றைக்கு மனதுக்குள் நிறைய வாழ்த்தினேன்.)

அடுத்த வாரம் ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். குன்னத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து மாமனார்.

“யாரு, பெரிய மாப்ளயா? செவலைக்கு வாயெல்லாம் வெந்து கெடக்குதுங்க. தீனி எடுக்க மாட்டேங்குது. சின்ன மாப்ள இருக்காருங்களா?”

சின்ன மாப்பிள்ளை எதிர் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“இல்லைங்க மாமா, வெளில போயிருக்காரு. நானே வரேன்” என்று வாயைக் கையால் மறைத்துச் சொல்லி வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியோடு டிவிஎஸ் 50-யில் பறந்தேன். அந்த வண்டி பறக்காது என்பது வேறு விஷயம்.

போய் இறங்கியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, “சின்னவரு வரலீங்களா?” கட்டுத்தறியில் செவலைப் பசு, ஒரு கிடேரி, இரண்டு உழவு மாடு. நாலுக்கும் எச்சில் வடிந்தது. வேலியோரம் பாதித் தெரு கூடியிருந்தது.

இத்தனை பேர் பார்க்கும்போது வேலையில் ஒரு நறுவிசு வேண்டாமா? பொட்டாசியம் பர்மாங்கனேட்டைத் தண்ணீரில் கலக்கினேன். நாவல்பழ நிறத்தில் ஒரு வாளி. வைத்தியம் பார்க்கும்போது வாயை முதலில் அதில் கழுவுவதுதான் வழக்கம், கை தானாகவே அந்த வேலையைச் செய்யும். செவலையின் வாயை மூன்று முறை கழுவி, துடைத்து, பளிச்சென்று ஆக்கிவிட்டு, இடுக்கியால் தோலை எடுத்துப் பாட்டிலில் போட்டேன். அவ்வளவு அழகான மாதிரியை அதற்கு முன் நான் எடுத்ததில்லை.

மூடியைத் திருகும்போது பின்னால் பைக் சத்தம். செல்வராசு. மாமனார் விடாமல் மறுபடி போன் செய்திருக்கிறார்.

அவன் வாளியைப் பார்த்தான். செவலையின் ஊதா நாக்கைப் பார்த்தான். என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

“அண்ணே, கழுவறதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்கல்ல?”

“ஏன் கேக்கற?”

“இல்ல, இந்தத் தண்ணி பட்டா வைரஸ் செத்துரும். அப்புறம் குழியில நெறம் ஏறாது. அதான்.”

மூன்றாவது முறை என்ன ஆயிற்று என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

“முன்னாடியேதான் எடுத்தேன். எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“அப்ப சரிங்கண்ணே. எதுக்கும் மத்த மூணுலயும் ஒண்ணொண்ணு எடுத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டு அடிபம்பில் கை கழுவப் போனான்.

அதுவரை நான் செய்தது தெரியாத்தனம். அதற்குப் பிறகு செய்ததைத் தெரிந்தேதான் செய்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிடேரி வாயில் ஒரு முழுக்கு. உழவு மாடு ஒன்று முட்ட வந்தது, அதன் வாயிலும் முழுக்கு. இன்னொன்று என் சட்டையில் பாதியைத் துப்பியது, விடவில்லை. எனக்கு நிறம் ஏறாவிட்டால் அவனுக்கும் ஏறக்கூடாது. மாமனார் வாயைப் பிளந்து பார்த்தார். “பெரிய மாப்ள இம்புட்டுச் சுறுசுறுப்பா நான் பாத்ததே இல்லையே” என்றார்.

செல்வராசு திரும்பி வந்தபோது நாலு மாடும் நாவல்பழம் தின்றது போல நின்றன. என் முழங்கை வரை ஊதா. அவன் வாளியை ஓரமாக நகர்த்தினான். குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கிடேரியின் பின்னங்காலைத் தூக்கி, குளம்பை விரித்தான். உள்ளே முத்துப் போல ஒரு புதுக் கொப்புளம். கத்தரித்தான்.

கோமாரிக்கு ஏட்டில் பெயரே கால், வாய்க் காணை. காலை முதலில் போட்டுத்தான் பெயரே வைத்திருக்கிறார்கள். பத்து வருட சர்வீஸ் எனக்கு. பதினாறு கால்கள் எதிரே நின்றன. ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

“ஏங்க, கால்லயும் எடுக்கலாங்களா?” என்று மாமனார் கேட்டார்.

“அண்ணந்தான் மாமா சொன்னாரு, வாயில ஒண்ணு கால்ல ஒண்ணு எடுக்கலாம்னு” என்றான் செல்வராசு.

கெட்டவன் மேல் பொறாமைப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. இப்படிப்பட்டவன் மேல் படுவதில் அதுகூட இல்லை.

இரண்டு பாட்டிலும் ஒரே பெட்டியில் போயின. பத்து நாளில் பதில் வந்தது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் படித்தார். கிடேரியின் கால்: ஆசியா-1. செவலையின் நாக்கு: வைரஸ் கண்டறியப்படவில்லை. அதற்குக் கீழே கூடுதலாக ஒரு வரி இருந்தது: ‘மாதிரி பாக்கு நிறத்தில் இருந்ததற்கு அனுப்பியவர் விளக்கம் அளிக்கவும்.’ மேலதிகாரி தாளிலிருந்து கண்ணை எடுத்து என் விரல்களைப் பார்த்தார். அந்த ஊதா காய்ந்தால் பாக்கு நிறமாகிவிடும், என் நகக்கண்ணில் அது இன்னும் போகவில்லை. விளக்கம் எழுதும் வேலை எனக்கு மிச்சமாயிற்று.

பயிற்சிக்கு அவன் போனான். நடந்ததை நான் என் மனைவியிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். சாயங்காலத்துக்குள் குன்னம் வரை போய்விட்டது.

2007-ல் மாவட்டம் மறுபடி பிரிந்தபோது ஆபீஸில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். செல்வராசு அரியலூருக்குப் போனான். பெரம்பலூருக்கென்று தனியாக ஒரு பயிற்சி இடம் வந்தது, நானும் பயிற்சிக்குப் போனேன், தட்டில் நிறம் ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் மாமனார் வீட்டைப் பிரித்துக் கொடுக்க எந்த அரசாணையும் வரவில்லை.

இன்றைக்கும் அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனால், வாசலில் சொம்புத் தண்ணீரோடு செல்வராசுவின் மகள் நிற்பாள்.

“பெரியப்பா, வாய மட்டும் கழுவிட்டு உள்ள வந்துடாதீங்க. ரெண்டு காலு இருக்கு, பாத்துக்குங்க.”

உள்ளே மொத்தக் குடும்பமும் சிரிக்கும். என் மனைவி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். செல்வராசு மட்டும் எழுந்து வருவான். “பெரியவங்கள அப்படியெல்லாம் பேசக்கூடாது, போ உள்ள” என்று மகளை அதட்டிவிட்டு, சொம்பை வாங்கி அவனே என் காலில் தண்ணீர் ஊற்றுவான்.

இத்தனை வருடத்தில் அவன் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. எனக்கு இன்னும் எரிவது அதுதான்.