ஏழில் நின்ற தண்ணீர்

உலகில் நிலையானது எது என்று ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. எங்கள் அலுவலகம் அதைக் கண்டுபிடித்து, பதிவேட்டில் ஏற்றி, முத்திரையும் குத்திவிட்டது. அது ஏழு. வரவேற்பறை மீன் தொட்டித் தண்ணீரின் பி.எச். அளவு. ஏழுக்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம், ஏழில் நின்றால் நிர்வாகம்.

தொட்டி, வரவேற்பு மேசை அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. செடிகளும் அவர் நட்டவை, பன்னிரண்டு மீன்களும் அவர் வளர்த்தவை. குழாய்த் தண்ணீரில் இரண்டு வருடம் சௌக்கியமாக இருந்தன. கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதை மேலாளர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது? நான் குடிக்கிற ஃபில்டர் தண்ணியவே இதுக்கும் ஊத்துங்க. மீனுக்கும் ஒரு தரம் வேணாமா?"

"சார், அந்தத் தண்ணில உப்புச் சத்தே இருக்காது," என்றார் அக்கா. "கடினத்தன்மை கொஞ்சமாச்சும் இருந்தாத்தான் பி.எச். ஆடாம நிக்கும். ராத்திரி செடி மூச்சு விட்டா காலைல இறங்கும், வெளிச்சம் பட்டா சாயங்காலம் ஏறும். உப்பு இருந்தா அது தாங்கிப் பிடிச்சுக்கும்."

"ஆடுமா? ஆடாம பாத்துக்க ஒரு குழு போட்டுடலாம்!"

பாருங்கள், இதுதான் தலைமை. மற்றவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிப்பார்கள், அவர் குழுவைப் பற்றி யோசிப்பார்.

'நீர் நிலைத்தன்மைக் குழு' அன்றே பிறந்தது. காலை அணிக்குக் கிடங்கு மேற்பார்வையாளர், மாலை அணிக்கு அடியேன். காலையில் அளந்தால் ஆறு. அவர் சமையல் சோடாவைக் கொட்டி ஏழாக்கிக் கையெழுத்திடுவார். மாலையில் அளந்தால் எட்டரை. நான் அமிலத்தைச் சொட்டி ஏழாக்கிக் கையெழுத்திடுவேன். பதிவேடு முழுக்க ஏழு ஏழாக நின்றது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

இடையில் மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் குழு அதைக் கவனிக்கவில்லை.

"மாத்தி மாத்தி ஊத்தறீங்களே, அதுங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்? பழையபடி குழாய்த் தண்ணிய விட்டுட்டு சும்மா இருங்க சார், போதும்!"

"சும்மா இருக்கறதுக்கா அக்கா குழு போட்டிருக்கோம்?" என்று மனம் நொந்து கேட்டேன்.

பதினோரு மீன்கள் போன பிறகு அக்கா வாளியோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஒன்னுதான் மிச்சம் சார். வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன். நம்ம தண்ணில மெதுவா பழக்கினா பொழச்சுக்கும்."

நான் என்ன கல்லா?

"தாராளமா அக்கா. ஒரு விண்ணப்பம் மட்டும் எழுதிக் குடுங்க. அலுவலகச் சொத்து வெளிய போகுதில்லையா?"

"ஐயோ, அது என் மீனு சார்!"

"அதையும் விண்ணப்பத்துல குறிப்பிடுங்க."

கோப்பு பறந்தது. மூன்று மேசை, ஐந்து கையெழுத்து, நான்காம் நாளே அனுமதி! எங்கள் அலுவலக வரலாற்றில் இப்படியொரு வேகம் கிடையாது. ஆனால் மீன் மூன்றாம் நாளே செத்துப்போயிருந்தது. அன்றும் தண்ணீர் ஏழில்தான் இருந்தது.

அனுமதிக் கடிதத்தை அக்கா கையால்கூடத் தொடவில்லை. "கொன்னது யாரு சார்?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. மாலைக்குள் விசாரணையை நானே நடத்தி, முடிவை எழுதி, கையெழுத்தும் போட்டேன்: 'மேற்படி மீன், உரிய அனுமதி வரும்வரை காத்திராமல், தன்னிச்சையாக இறந்துவிட்டது.'